விமான வைஃபையில் குரல் அழைப்பு, வீடியோ அழைப்பு: முடியாதா, கூடாதா?

#1 தொடர்பயணி

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவி.

பதினோரு மணி நேரப் பயணம். ஏறி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், தங்கையிடமிருந்து செய்தி: "அப்பாவை இன்னும் அரை மணி நேரத்துல ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோறாங்க. உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்." அறுவை சிகிச்சை இரண்டு நாள் கழித்து என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

முழுப் பயணத்துக்குமான வைஃபை வாங்கியிருந்தேன். வாட்ஸ்அப் செய்தி தடையில்லாமல் போய் வந்தது. படுக்கையில் அப்பா கையைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றைத் தங்கை அனுப்பினாள், அதுவும் இறங்கியது. சரி, பேசிவிடலாம் என்று அழைத்தேன். அங்கே மணி அடித்தது. அவள் எடுத்தாள். திரையில் நேரம் ஓடத் தொடங்கியது: 0:01, 0:02, 0:03. குரல் மட்டும் வரவில்லை. "மீண்டும் இணைக்கிறது" என்று காட்டிவிட்டு அறுந்துபோனது. ஆறு முறை முயன்றேன். ஆறு முறையும் அதேதான்.

பணிப்பெண்ணிடம் கேட்டேன். "அழைப்புக்கு அனுமதி இல்லை சார்" என்று தன்மையாகச் சொன்னார். அப்பாவுக்கு டைப் பண்ண வராது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் போனில் எழுத்தும் தெரியாது. நான் எழுதியதைத் தங்கைதான் அவர் காதில் வாசித்தாள். இப்போது அப்பா நலம், வீட்டில் இருக்கிறார். ஆனால் அந்த அரை மணி நேரம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

படம் இறங்குகிற இணையத்தில் குரல் ஏன் போகாது? உண்மையிலேயே முடியாததா, வேண்டுமென்றே அடைத்துவைத்திருக்கிறார்களா?

#2 அலைத்தச்சன்

அப்பா நலம் என்று படித்ததும்தான் மேலே படிக்க முடிந்தது நண்பரே.

நெட்வொர்க் வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. மணி அடித்தது, எடுத்தார்கள், நேரம் ஓடியது, குரல் வரவில்லை. இணையம் மெதுவாக இருந்தால் இப்படி ஆகாது. குரல் விட்டுவிட்டு வரும், தேயும், தாமதமாக வரும். அடியோடு இல்லாமல் போகாது.

ஒரு இணைய அழைப்பில் இரண்டு தனித்தனி போக்குவரத்து உண்டு. "இன்னார் அழைக்கிறார், எடுக்கிறாயா" என்று கேட்பது ஒன்று. அது செய்தி அனுப்பும் அதே வழியில், சாதாரண இணையப் பக்கம் திறக்கும் 443 போர்ட்டில் (போர்ட் என்பது எண்ணிட்ட வாசல் மாதிரி) போகும். அதை அடைத்தால் செய்தியும் நின்றுவிடும். அதனால் அடைக்க மாட்டார்கள். உண்மையான குரல் யுடிபி (வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்காமல் வேகமாக அனுப்பும் முறை) பொட்டலங்களாக வேறு வழியில் போகும். விமானத்துக்குள் இருக்கும் ஃபயர்வால் என்ற வடிகட்டி அந்த வழியைத்தான் மூடுகிறது. அதனால்தான் மணி அடித்தது, குரல் வரவில்லை. உங்கள் விஷயத்தில் நடந்தது அநேகமாக இதுதான்.

ஆனால் அடைப்பு இல்லாதிருந்தாலும் பழைய வகை இணைப்பில் பேசுவது சிரமம்தான். பல விமானங்கள் இன்னும் புவிநிலை செயற்கைக்கோளை (பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது) நம்பியிருக்கின்றன. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. உங்கள் "அப்பா" என்ற சொல் மேலே ஏறிக் கீழே இறங்க 71,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் 0.24 வினாடி. அவருடைய "சொல்லுப்பா" திரும்பி வர இன்னொரு 0.24. இதன்மேல் போனிலும் சர்வரிலும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அரை வினாடியைத் தாண்டிவிடும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒரு வழித் தாமதம் 0.15 வினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும், 0.4ஐத் தாண்டவே கூடாது என்கிறது. புவிநிலை வழி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் பேசி நிறுத்துவீர்கள், பதில் வராது, கேட்கவில்லையோ என்று மறுபடி தொடங்குவீர்கள், சரியாக அதே நேரத்தில் அவர் பதில் வந்து மோதும். அதன்பின் இருவரும் நிறுத்துவீர்கள். பழைய வெளிநாட்டு டிரங்க் கால் பேசியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

#3 நடுஇருக்கை

தொடர்பயணி சார், உங்க நிலைமை படிச்சு நெஞ்சு கனத்துப்போச்சு. ஆனாலும் என் பக்கத்தையும் சொல்லணும். தயவுசெஞ்சு விமானத்துல அழைப்பை அனுமதிக்க வேண்டாம்.

வேலைக்காக மாசம் ரெண்டு தடவை ராத்திரி விமானம் ஏறுறேன். இறங்கினதும் நேரா ஆபீஸ். ஒரு தடவை பக்கத்து சீட்காரர் எப்படியோ லைன் பிடிச்சு, சரக்கு அனுப்புறதுல ஏதோ தகராறு, ஒன்றரை மணி நேரம் விடாம பேசினார். ரயில்னா எழுந்து வேற பெட்டிக்குப் போகலாம். பஸ்னா இறங்கிடலாம். இங்க எங்க போறது? பெல்ட் சிக்னல் வேற எரியுது. பின் சீட்டுல ஒரு கைக்குழந்தை, அப்பத்தான் தூங்கினது, முழிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சது. அந்தத் தாயோட முகம் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு.

#4 தொடர்பயணி

அலைத்தச்சன், இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி. அடைத்திருக்கிறார்கள் என்றால் அதை வைஃபை வாங்கும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். அந்த அரை மணியில் பதினைந்து நிமிடத்தை அழைத்து அழைத்தே தொலைத்தேன். முடியாது என்று முன்பே தெரிந்திருந்தால் தங்கையிடம் அப்பா குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருப்பேன். படம் வந்த வழியில் அதுவும் வந்திருக்கும்.

நடுஇருக்கை அம்மா, நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரத் தகராறுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். நான் கேட்டது இரண்டு நிமிடம்.

#5 கேபின்குரல்

பன்னிரண்டு வருஷம் கேபின் க்ரூவா இருந்தேன், இப்ப பயிற்சி கொடுக்கிற வேலை. "ரெண்டு நிமிஷம்"னு கேட்காத பயணி யாருமே இல்லைங்க. ஒவ்வொருத்தர் ரெண்டு நிமிஷமும் அவங்களுக்கு உசிரு மாதிரி. எது நிஜமான அவசரம்னு நடைபாதையில நின்னுக்கிட்டு நாங்க எப்படி முடிவு பண்றது? ஒருத்தருக்கு விட்டா அடுத்தவர் கேட்பார். அவர்கிட்ட மறுத்தா சண்டை. மூடின இடத்துல சண்டைன்னா என்ன ஆகும்னு நான் பார்த்திருக்கேன். விமானம் குலுங்குற நேரத்துல அறிவிப்பைக் கேட்கணும்ங்கிறது தனி. அதனாலதான் பல நிறுவனங்கள் மொத்தமா ஒரே கோடு போட்டுட்டாங்க.

அதுக்காக க்ரூ கல்மனசுன்னு நினைக்க வேண்டாம். ஒரு தடவை விளக்கெல்லாம் அணைச்ச நேரம். ஒரு அம்மாவுக்கு அவங்க அக்கா இறந்துட்டதா செய்தி வந்துச்சு. போனைப் பிடிச்ச கை அப்படியே நடுங்குது, சத்தமே வரலை. பின்னாடி சாப்பாடு தயார் பண்ற இடத்துக்குக் கூட்டிட்டுப் போய், திரையை இழுத்துவிட்டு, க்ரூ சீட்டுல உட்காரவெச்சேன். அவங்க சொல்லச் சொல்ல வீட்டுக்கு நான் டைப் பண்ணேன். அவங்களுக்குக் கண்ணீர்ல எழுத்து தெரியலை. விமானம் இறங்கும்வரை மாத்தி மாத்தி யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்தோம்.

தொடர்பயணி தம்பி, அடுத்த தடவை (அப்படி ஒண்ணு வரவேண்டாம்) "போன் பேசலாமா"ன்னு கேட்காதீங்க. "அப்பாவுக்கு ஆபரேஷன், அரை மணி நேரம்தான் இருக்கு"ன்னு நிலைமையைச் சொல்லுங்க. மொட்டைக் கேள்விக்கு விதியைத்தான் பதிலா சொல்லமுடியும். நிலைமையைச் சொன்னா உங்களோட சேர்ந்து யோசிப்பாங்க.

#6 ஏடுபுரட்டி

விமானத்தில் பேசுவது புதிய சங்கதி அல்ல. 1980களின் நடுவிலேயே அமெரிக்க விமானங்களில் ஏர்ஃபோன் என்ற கட்டணத் தொலைபேசி வந்துவிட்டது. பின்னாளில் இருக்கையின் முதுகிலேயே பதித்தார்கள். கட்டணம் மிரட்டும் என்பதால் பெரும்பாலோர் தொடவில்லை. 2006இல் பயணிகள் விமானங்களில் அந்தச் சேவை முடிந்தது. போயிங் நிறுவனம் 2004இல் தொடங்கிய கனெக்ஷன் என்ற விமான இணையமும் அதே 2006இல் மூடப்பட்டது.

அடுத்து வந்தது விமானத்துக்குள்ளேயே ஒரு குட்டி செல்போன் கோபுரம். 2008 மார்ச்சில் எமிரேட்ஸ் விமானத்தில் ஏரோமொபைல் என்ற நிறுவனத்தின் சேவை மூலம் பயணிகள் சொந்த போனில் பேசினார்கள். அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் இதற்கு வழிவகுத்தது. இந்தியாவில் 2018 டிசம்பரில் தனி விதிகள் வந்தன.

பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 1991இல் பறக்கும் விமானத்தில் செல்போனைத் தடை செய்தது. பயந்தது விமானத்துக்காக அல்ல, தரையில் உள்ள கோபுரங்களுக்காக. மேலே பறக்கும் போன் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கோபுரங்களின் கண்ணில் படும், அலைவரிசை குழம்பும். 2013இல் இதைத் தளர்த்த யோசனை வந்தபோது பயணிகளும் பணியாளர் சங்கங்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 2020இல் அந்த யோசனையே கைவிடப்பட்டது. இடையில் 2018இல், பயணத்தின்போது போனில் குரலில் பேசுவதைத் தடைசெய்ய விதி கொண்டுவருமாறு போக்குவரத்துத் துறைக்கு உத்தரவிடும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அலைவரிசை பற்றித் தொடங்கிய பேச்சு எப்படி அக்கம்பக்கத்தார் நிம்மதி பற்றியதாக மாறியது பாருங்கள்.

#7 புதுவரவு

ஒரு சின்னச் சந்தேகம். ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபை மட்டும் ஆன் பண்ணினால் மேலே "வைஃபை காலிங்" என்று காட்டுகிறது. அப்படியென்றால் சாதாரண நம்பரிலிருந்தே பேசலாமா? வங்கி ஓடிபி வருமா?

#8 அலைத்தச்சன்

வைஃபை காலிங் என்பது உங்கள் போன் சிம் நிறுவனத்தின் சர்வர் வரை யுடிபி 500, 4500 போர்ட்கள் வழியாக ஒரு மறைகுறிக் குழாய் (பிறர் படிக்க முடியாத பாதை) போட்டுக்கொள்வது. விமானத்தில் அந்தப் போர்ட்கள் திறந்திருந்தால் குழாய் அமையும். அப்போது அழைப்பு, எஸ்எம்எஸ் இரண்டும் அதன் வழியே வரும், ஓடிபியும் வரும். மூடியிருந்தால் எதுவும் வராது. மேலே எழுத்து காட்டினால் குழாய் அமைந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் மணி அடித்தால் எடுத்துப் பேச வேண்டாம், விமானத்தின் விதி அதற்கும் பொருந்தும். ஓடிபி தேவைப்படும் வேலையை ஏறும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

#9 தாழ்வட்டம்

இந்த இழையில் புவிநிலை பற்றியே பேசுகிறோம். நிலைமை மாறிவிட்டது. ஸ்டார்லிங்க் மாதிரி தாழ்வட்டப்பாதைச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஏறி இறங்க 1,100 கிலோமீட்டர்தான், 4 மில்லி வினாடிகூட ஆகாது. 2024 பிப்ரவரியில் ஹவாயன் ஏர்லைன்ஸ் இதைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கத்தார் ஏர்வேஸ் தன் போயிங் 777இல் கொண்டுவந்தது. பிறகு யுனைடெட், ஏர் பிரான்ஸ் என்று வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன.

இந்த வகை இணைப்புள்ள விமானத்தில் நான் போனேன். அலுவலகக் கூட்டம் ஒன்றை மைக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். வீட்டு இணையத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. எப்போதாவது ஒரு நொடி படம் உறைந்து, பேசுபவர் வாய் திறந்தபடி நிற்பார், உடனே சரியாகிவிடும். செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே விரைந்து கடப்பதால் எதோடு பேசுவது என்பதை 15 வினாடிக்கு ஒருமுறை மாற்றி ஒதுக்குகிறார்கள். அந்த மாற்றத்தில் சில சமயம் இப்படி ஒரு தடுக்கல் வரும் என்று படித்தேன்.

ஆக "முடியாது" என்ற பேச்சு இனி எடுபடாது.

#10 நடுஇருக்கை

அதான் எனக்கு பயமே. இவ்வளவு நாளும் லைன் கிடைக்காததே எங்களைக் காப்பாத்திச்சு.

#11 ஒலிச்செவி

ஒலிப்பதிவுத் துறையில் இருபது ஆண்டுகள் இருப்பவன். "மெதுவாகப் பேசினால் போச்சு" என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் மெதுவாகப் பேச உடம்பே விடாது.

பறக்கும் உயரத்தில் கேபின் இரைச்சல் ஏறக்குறைய 80 முதல் 85 டெசிபெல். சுற்றிலும் சத்தம் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். இதை 1911இல் எத்தியேன் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார், அவர் பெயரிலேயே லோம்பார்ட் விளைவு என்கிறோம். நினைத்து அடக்கினாலும் அடுத்த வாக்கியத்திலேயே குரல் பழையபடி ஏறிவிடும்.

இதன்மேல் இரைச்சல் நீக்கும் ஹெட்போன் இன்னொரு சிக்கல் செய்கிறது. காது இரண்டையும் மூடியதும் நம் குரல் நமக்கே மங்கலாகக் கேட்கும். பழைய கம்பித் தொலைபேசியில் நாம் பேசுவதில் சிறு பங்கை நம் காதுக்கே திருப்பி விடுவார்கள். அதைக் கேட்டுத்தான் குரலை அளவாக வைத்துக்கொண்டோம். பல ஹெட்போன்களில் அந்த வசதி இல்லை, இருந்தாலும் அணைந்து கிடக்கும். பேசுபவருக்குத் தன் குரல் கேட்பதில்லை, எதிர்முனை தெளிவாகக் கேட்கிறது, அவர் உலகத்தில் எல்லாம் அமைதி. நான்கு வரிசைக்கு அவர் கதை கேட்கிறது.

போனில் கத்தத் தேவையே இல்லை என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். மைக் வாய்க்கு இரண்டு விரல்கடை தூரத்தில் இருந்தால் முணுமுணுத்தாலே போதும். இப்போதைய செயலிகள் எஞ்சின் இரைச்சலை வெட்டி எறிந்துவிடும், அது மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதால் அவற்றுக்கு எளிது. மாணவர்களிடம் ஒரு சோதனை செய்து காட்டுவேன். ஹெட்போனில் விமான இரைச்சலை ஓடவிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வேன். பிறகு ஒரு காதை மட்டும் திறந்து அதே பத்தியை வாசிக்கச் சொல்வேன். பதிவு அலையைத் திரையில் பார்த்ததும் அவர்களே திகைத்துப்போவார்கள். ஒரு காது திறந்ததுமே அலை பாதியாகச் சுருங்கும்.

#12 தாழ்வட்டம்

அப்படியென்றால் ஒரு காதைத் திறந்து, மைக்கை அருகில் வைத்துப் பேசலாம் என்று விதி வைக்கலாமே?

#13 கேபின்குரல்

முந்நூறு பேர் காதை யார் போய் பார்க்கிறது தம்பி?

#14 கைமொழி

இந்த மன்றத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குக் காது கேட்காது. என் மனைவிக்கும் கேட்காது. நாங்கள் பேசுவது சைகைமொழியில். எங்களுக்கு வீடியோ அழைப்புதான் பேச்சு. அதற்குக் குரல் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், மைக் வேண்டாம். நான் ஒரு மணி நேரம் பேசினாலும் பக்கத்து இருக்கையில் தூங்குபவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார்.

ஆனால் விமானத்தில் எனக்கும் அதே அடைப்பு. தொடர்பயணி பார்த்த அதே 0:01, 0:02 திரையை நானும் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு அப்போது நான்கு வயது, அவளுக்கும் கேட்காது. இன்னும் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் தூங்கும் முன் என் கையைப் பார்த்தால்தான் தூங்குவாள். "செய்தி அனுப்புங்களேன் சார்" என்று பணியாளர் எழுதிக் காட்டினார். யாருக்கு அனுப்புவது? நன்றாக எழுதத் தெரிந்த பெரியவர்களுக்கும்கூட எழுத்து எங்களில் பலருக்கு இரண்டாவது மொழி. முகம், புருவம், தோள் எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் இலக்கணம். புருவம் உயர்ந்தால் கேள்வி, உயராவிட்டால் அது வெறும் செய்தி. அதை எப்படி டைப் பண்ணுவது?

சத்தத்தைத் தடுக்கப் போட்ட பூட்டு, சத்தமே போடாத எங்களையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். எங்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

#15 நடுஇருக்கை

கைமொழி சார், இதை ரெண்டு தடவை படிச்சேன். மேல நான் எழுதினது "அழைப்பை அனுமதிக்க வேண்டாம்"னு. அது தப்பு. எனக்கு வேண்டாதது சத்தம். உங்க பொண்ணுகிட்ட நீங்க ராத்திரி முழுக்கப் பேசினாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒண்ணு மட்டும் கேட்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இருட்டுல திரை வெளிச்சம் அடிக்கும், அதோட கேமராவுல பக்கத்துல இருக்கிறவங்க முகமும் விழுமே? தூங்குறப்ப என் முகம் முன்பின் தெரியாதவங்க திரையில தெரியறது எனக்குச் சங்கடம்.

#16 கைமொழி

நியாயமான கேள்வி அம்மா. அழைப்பு இணைகிற விமானங்களில் பின்னணியை மங்கலாக்கும் வசதியை எப்போதும் போட்டுவிடுவேன். ஆனால் வெளிச்சம் குறைந்தால் அது விரல்களையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். அதனால் ஜன்னல் இருக்கையாகக் கேட்டு வாங்கி, முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போனை மடித்தட்டில் சாய்த்து வைப்பேன். அப்போது எனக்குப் பின்னால் விமானச் சுவர்தான் தெரியும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்தால் போதும், தலைக்கு மேலுள்ள சின்ன விளக்கு என் கைக்குப் போதுமானது.

வெளிச்சத்தைவிடப் பெரிய சிக்கல் படத்தின் ஓட்டம். இணையம் தேய்ந்தால் செயலி முதலில் வினாடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். பேசுபவர்களுக்கு அது பரவாயில்லை, குரல்தான் முக்கியம். எங்களுக்குக் கை வெறும் தீற்றலாகிவிடும். விரலால் எழுத்து எழுத்தாகச் சொல்லும் பெயர்கள் முதலில் காணாமல் போகும். அப்போது மெதுவாக, பெரிதாக, ஒரே கையால் பேசுவோம்.

#17 அலைத்தச்சன்

கைமொழி எழுதியதற்குப் பிறகு என் துறைக்காரனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "சரி, குரலை மட்டும் அடைத்து வீடியோவை விடுங்கள்" என்று ஃபயர்வாலிடம் சொல்ல முடியாது. அழைப்பின் குரலும் படமும் பெரும்பாலும் ஒரே குழாயில், மறைகுறியாக்கப்பட்டு, கலந்து போகின்றன. வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்கு அது ஒரு யுடிபி ஓட்டம். உள்ளே தகராறா, தாலாட்டா, சைகையா என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு டேட்டா போகிறது என்பதைப் பார்த்து ஊகிக்கலாம். அப்படி ஊகித்தால் முதலில் அடிபடுவது வீடியோதான், ஏனென்றால் குரலுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். ஓபஸ் என்ற குரல் சுருக்க முறையில் பேச்சு வினாடிக்கு 24 கிலோபிட், பொட்டலங்களின் முகவரிச் சுமை 16, ஆகமொத்தம் 40. வீடியோ சுமாராக இருக்கவே அதைப்போல் பத்து, இருபது மடங்கு வேண்டும்.

சத்தம் கேட்பது மனிதக் காதுக்கு. அதைக் கண்டுபிடிக்கக்கூடியதும் மனிதக் காதுதான். போர்ட்டைத் திறந்துவிட்டு, "வாய்திறந்து பேசக்கூடாது" என்ற விதியை மட்டும் வைத்தால் யாருடைய கருவியையும் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டால் மீறல், கேட்காவிட்டால் இல்லை. புவிநிலை இணைப்பில் இருக்கும் கொஞ்ச டேட்டா கொள்ளளவைக் காக்க வீடியோவை அடைக்கிறோம் என்றால் அது வேறு, அதை ஏற்கலாம். தாழ்வட்ட இணைப்பில் அந்தக் காரணம் பெரிதாக நிற்காது.

#18 கேபின்குரல்

"பேசினா தப்பு, இணைச்சா தப்பில்லை." இது என் ஆளுங்களுக்கும் சுலபம். சத்தம் கேட்டா போய் சொல்றது நாங்க தினமும் பண்ற வேலைதான். சைகைமொழியில பேசுற பயணியைப் பத்தி எங்க பயிற்சியில ஒரு வரிகூட இல்லை. காது கேட்காதவங்கன்னா தனியா பாதுகாப்பு விளக்கம் சொல்லவேண்டிய பயணின்னு மட்டும்தான் இருக்கு. அடுத்த வகுப்புல கண்டிப்பா சேர்க்கிறேன்.

#19 குறுக்குவழி

எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்? விபிஎன் (எல்லாத்தையும் மறைச்சு வேற சர்வர் வழியா அனுப்புறது) போட்டா அடைப்பு தெரியாது, பேசிடலாம்.

#20 அலைத்தச்சன்

வேண்டாம் சகோ. விபிஎன்னையே அடைக்கும் விமானங்கள் உண்டு. அடைக்காத இடத்திலும், புவிநிலை இணைப்பில் டிசிபி (இணையப் பக்கமும் செய்தியும் போகும் முறை) போக்குவரத்தை வேகப்படுத்த நடுவில் ஒரு கருவி வைத்திருப்பார்கள். விபிஎன் போட்டதும் உங்கள் போக்குவரத்து அதன் கண்ணுக்கு மறைந்துவிடும், எல்லாமே மெதுவாகும். குரலைக் காப்பாற்றப் போய் செய்தியும் நின்றுபோகும். அதைவிட, விதியைத் தெரிந்தே மீறிப் பேசினால் பக்கத்தில் இருப்பவர் பாடு என்ன என்று #3 படித்துப் பாருங்கள்.

#21 பலதடம்

இந்த இழைக்கு இனி வருபவர்களுக்கு என் பட்டறிவில் சில. ஏறும் முன்பே போனில் படங்கள் தானாக இணையச் சேமிப்பகத்துக்கு (கிளவுட்) போவதையும் செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்துங்கள். சிறிய இணைப்பை முழுதாக விழுங்குவது பெரும்பாலும் இவைதான். துருவத்தையொட்டிய பாதை என்றால் புவிநிலை இணைப்பு சில மணி நேரம் இருக்கவே இருக்காது, அவ்வளவு வடக்கில் அந்தச் செயற்கைக்கோள் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். "பதில் வராவிட்டால் பயப்படாதே" என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிஜமாகவே உதவுவது கேட்டுக்கொண்டே டைப் செய்வது. அழைப்பு இணைகிற விமானத்தில், பணியாளரிடம் சொல்லிவிட்டு, மைக்கை அணைத்து, காதில் இயர்போன் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேசுவார்கள், நீங்கள் எழுதுவீர்கள். அழைப்பு இணையாத விமானத்தில் அவர்களைக் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். அரை நிமிடப் பதிவு ஒரு படத்தைவிடச் சிறியது.

#22 தொடர்பயணி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். இழையை உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு நன்றி.

அப்பாவுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை வந்தது, சிறியதுதான். இந்த முறை தேதி நிச்சயமாகத் தெரியும், ஆனாலும் நான் திரும்பிவர வேண்டிய விமானம் அதே காலையில்தான் கிடைத்தது. தாழ்வட்ட இணைப்புள்ள விமானம். ஏறியதுமே பணியாளரிடம் கேபின்குரல் அக்கா சொன்ன மாதிரி நிலைமையைச் சொன்னேன்: அப்பாவுக்கு ஆபரேஷன், அவர் பேசுவதைக் கேட்க மட்டும் வேண்டும், நான் வாய் திறக்க மாட்டேன். அவர் தலைமைப் பணியாளரிடம் கேட்டுவந்து சரி என்றார். பக்கத்து இருக்கைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் உடனே தலையசைத்தார்.

அழைத்தேன். 0:01, 0:02. மூன்றாவது வினாடியில் அப்பா குரல். "கேக்குதாப்பா?"

"கேக்குதுப்பா" என்று எழுதினேன். தங்கை வாசித்தாள். அவர் பேசிக்கொண்டே போனார். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, வந்ததும் பார் என்றார். வழக்கமாகப் போனில் நான் பாதியில் குறுக்கிட்டுவிடுவேன். இப்போது குறுக்கிட வழியில்லை. பதினோரு நிமிடம் அவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். என் நினைவுக்கு எட்டியவரை அப்பா பேசி நான் இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

#23 கைமொழி

படித்ததும் மனைவிக்குச் சைகையில் சொன்னேன். அவளும் அழுதாள்.

எனக்கும் ஒரு செய்தி. சென்ற வாரம் இதே வகை இணைப்புள்ள விமானத்தில் போனேன். ஏறியதும் "எனக்குக் காது கேட்காது, சைகைமொழியில் வீடியோ அழைப்பு செய்வேன், சத்தம் வராது" என்று தாளில் எழுதிப் பணிப்பெண்ணிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினார். மகள் தூங்கப் போகும் நேரம் சரியாக இணைந்தது. ஒவ்வொரு விரலும் தெரிந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். ஜன்னல் மூடியைக் கொஞ்சமாக உயர்த்தி, இறக்கை நுனியில் சிமிட்டும் விளக்கைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் தலையணையில் சாய்ந்தாள், கை மட்டும் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

பணிப்பெண் நடைபாதையில் வந்தார். என் மேல் விளக்கைக் காட்டி, இன்னும் வெளிச்சம் வேண்டுமா என்று கையாலேயே கேட்டார்.